சைக்கிள் ஓடுகிறது, சக்கரம் நிற்கிறது (கடிதம்)

அன்புள்ள ஐயா,

செப்டம்பரில் எங்கள் ஊரில் நடந்த அண்ணா பிறந்தநாள் சைக்கிள் போட்டியில் என் அக்கா மகள் கலந்துகொண்டாள். 17 வயதுக்குட்பட்ட மாணவியர் பிரிவு, 15 கிலோமீட்டர். கேமராவோடு போய் நானூறு படம் எடுத்துத் தள்ளினேன். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/2000 நொடி வைத்ததால் எல்லாம் துல்லியமாக இருக்கின்றன, ஆனால் பந்தயம் மாதிரியே இல்லை. கணினியில் வேகம் தெரிகிற மாதிரி ஏதேதோ செய்து பார்த்தேன், திருப்தியில்லை. நல்லதாகத் தோன்றிய ஐந்தையும், மொத்த ஃபோல்டரையும் அனுப்பியிருக்கிறேன். என்னிடமிருக்கிற 55-250 ஜூம் லென்ஸை மாற்றவேண்டுமா? இந்தப் படங்களைத் தேற்ற முடியுமா?

ம.
நாமக்கல்

அன்புள்ள ம.,

லென்ஸ் வாங்க வேண்டாம். இருப்பதே போதும்.

உங்கள் மூன்றாவது படத்தை எடுத்துக்கொள்வோம். அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள், முன்கூடையைக் கழற்றிய இடத்தில் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது, பெண் குனிந்து மிதிக்கிறாள். பின்னால் கடைகளும் சனங்களும் கோடுகோடாக இழுபடுகிறார்கள். ஆனால் சக்கரத்தில் போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்! உலகம் பறக்கிறது, சக்கரம் மட்டும் ஸ்டாண்ட் போட்டு நிற்கிறது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று கண் கண்டுபிடித்துவிடும். போதாக்குறைக்கு அவள் ஜடை ரிப்பனின் சிவப்பு பின்னாலிருக்கும் டீக்கடைச் சுவர்வரை ஒழுகியிருக்கிறது. கணினியில் போட்ட அந்த ஃபில்டரை எடுத்துவிடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிற சைக்கிள் ஒரு நொடியில் எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். 1/2000 நொடியில் அது நகர்வது நாலு மில்லிமீட்டர்தான். நீங்கள் ஓட்டத்தை உறையவைத்துவிட்டு, அப்புறம் கணினியில் உட்கார்ந்து ஓடச் சொல்கிறீர்கள். 1/60 வைத்தால் அதே சைக்கிள் 14 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். ஓடும் சக்கரத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. தரையைத் தொடுகிற இடம் அந்தக் கணத்தில் அசையாமல் இருக்கிறது, உச்சியோ சைக்கிளைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. அதனால் கேமராவை ஆட்டாமல் எடுத்தால் கீழே கம்பி தெரியும், மேலே கரைந்திருக்கும். கேமராவும் சைக்கிளோடு சேர்ந்து திரும்பினால் சக்கரம் முழுக்க ஒரேமாதிரி கரையும், முகம் மட்டும் நிற்கும். பேனிங் என்பது இதுதான்.

செய்வது சுலபம், வாய்ப்பதுதான் கஷ்டம். எந்த இடத்தில் க்ளிக் செய்யப்போகிறீர்களோ அந்தத் திசைக்குப் பாதத்தை வைத்துக்கொண்டு, இடுப்பை மட்டும் திருப்பி, தூரத்திலிருந்தே ஆளைப் பின்தொடருங்கள், அழுத்திய பிறகும் நிறுத்தாமல் திருப்பிக்கொண்டே போங்கள். எல்லோரும் அழுத்தியதும் நின்றுவிடுகிறார்கள், படம் அங்கேதான் கெடுகிறது. ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணர்கிற அளவு, 100, ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடர்கிற முறையில். நல்ல வெயிலில் அப்பர்ச்சர் எண் 16-க்கும் மேலே போய்விடும், அதாவது லென்ஸின் துளை மிகவும் சுருங்கிவிடும், அப்போது சென்சாரில் ஒட்டியிருக்கிற தூசியெல்லாம் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைக் கணினியில் துடைத்துக்கொள்ளலாம், பாவமில்லை. இருபது எடுத்தால் ஒன்று தேறும். சாயங்காலம் பள்ளிவிட்டு வருகிற சைக்கிள்களில் பழகுங்கள், அடுத்த செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம்.

மங்கல் என்றால் தோல்வி என்று நினைக்கிறீர்கள் போல. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்ட்டியர் ப்ரெஸ்ஸான் 1932-இல் பிரான்சின் இயேர் நகரில் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். சுழன்று இறங்குகிற படிக்கட்டு கூர்மையாக இருக்கிறது, கீழே தெருவில் போகிற சைக்கிள்காரர் மங்கல்தான். அவர் தெளிவாக இருந்திருந்தால் அந்தப் படத்தில் தெரு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது, நிற்கிற இடம். உங்கள் நானூறில் முக்கால்வாசி முடிவுக்கோட்டில் எடுத்தவை. அங்கே என்ன இருக்கிறது? ஃபிளெக்ஸ், நாற்காலி, விசில் வைத்திருக்கிறவர், செல்ஃபோனை உயர்த்திப் பிடித்த நாற்பது கை. மேம்பாலத்து ஏற்றத்துக்குப் போங்கள். இந்தப் போட்டியில் கியர் சைக்கிள் கிடையாதே, எல்லோரும் சீட்டைவிட்டு எழுந்து உடம்பின் எடை முழுவதையும் பெடலில் போடுவார்கள், முகம் கோணும், வேகமும் குறைவதால் உங்களுக்கும் நேரம் கிடைக்கும். வளைவில் நிற்பதாக இருந்தால் வெளிப்பக்கம் நிற்காதீர்கள். சறுக்குகிறவர்கள் அங்கேதான் வருவார்கள். நான் ஒருமுறை அங்கே சாலையோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன், ஒரு பையன் என்னைப் பார்த்து பிரேக் பிடித்து, மணலில் வழுக்கி, செயின் கழன்று, கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தான். படம் பிரமாதமாக வந்தது. இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

திருத்துவதைப் பற்றி ஒரு சண்டை பாக்கியிருக்கிறது. அக்கா மகளின் முகத்தை ஏன் வெளுக்க வைத்தீர்கள்? கல்யாண ஸ்டுடியோப் பழக்கம் இது. பதினைந்து கிலோமீட்டர் வெயிலில் மிதித்த முகம் கறுத்து, வேர்வையில் மின்னும். அந்த மினுமினுப்பைத் தேய்த்து எடுத்துவிட்டால் அவள் ஓட்டியதற்கு என்ன சாட்சி? வெள்ளை பேனர் பின்னால் இருந்ததால் கேமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். எடுக்கும்போதே எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விழுகிற வெளிச்சத்தை, அரை ஸ்டாப்போ முக்கால் ஸ்டாப்போ கூட்டியிருக்கலாம் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்). இப்போது நிழலை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள், நிறத்தைத் தொடாதீர்கள். அப்புறம் வெட்டும்போது சைக்கிளுக்கு முன்னால் சாலை கொஞ்சம் இருக்கட்டும், நாலாவது படத்தில் அவள் ஃபிரேமில் போய் முட்டிக்கொள்கிறாள்.

ஃபோல்டரில் 212 என்று ஒன்று இருக்கிறது. போட்டி முடிந்து சாய்த்துப் போட்ட சைக்கிளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குளுக்கோஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறாள். ஒரு கால் செருப்பைக் காணோம். எடுக்கும்போது உங்கள் கை ஆடியிருக்கிறது, படம் சாய்ந்தும் இருக்கிறது. உங்கள் ஐந்தில் அதைச் சேர்க்கவே இல்லை. அதற்கு ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்தபடியே வைத்திருக்கிற மூலக் கோப்பு, இருந்தால் எனக்கு அனுப்புங்கள், எதையும் செய்யாமல்.