தமிழ் அடுக்கு இல்லாத கடைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

பெங்களூர் அல்சூர் பக்கம் ஒரு சின்னப் புத்தகக் கடை மூடப்பட்டதற்கு வருந்தி எழுதியிருந்தீர்கள். நான் மாரத்தஹள்ளியில் இருக்கிறேன். நெரிசலில், புத்தகக் கடைகள் இருக்கிற சர்ச் ஸ்ட்ரீட் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. போனில் சொன்னால் இரண்டு நாளில் புத்தகம் வீட்டுக்கே வருகிறது, 20 சதவீதம் கழிவும் உண்டு. அதை விடுங்கள். இந்தக் கடைகளில் பெரும்பாலும் ஆங்கிலம், கொஞ்சம் கன்னடம். தமிழுக்கு ஒரு அடுக்குகூட இல்லை. பெங்களூரில் இருந்துகொண்டு தமிழில் எழுதும் உங்களுக்கு இவற்றால் என்ன பயன்? வாதத்துக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கேள்வி நியாயமானது. அந்தக் கடையிலும் தமிழ் அடுக்கு கிடையாது. ஆனால் என் முதல் புத்தகத்துக்கு இந்த ஊரில் இடம் கொடுத்தது அந்தக் கடைதான்.

கோலார் தங்கவயல் குடும்பங்களைப் பற்றிய கதைகள் அவை. 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு மாரிக்குப்பத்தில் ரயிலேறி, தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிற மனிதர்கள். மொத்தமே 300 பிரதிகள்தான் அச்சடித்தோம். சென்னையில் விற்றதைவிட இங்கே, அந்த மனிதர்கள் இருக்கிற ஊரில், யாராவது படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு மாலில் இருந்த பெரிய கடைக்குப் போனேன். தலைமை அலுவலகம்தான் கொள்முதல் செய்யும், இங்கே ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

அப்புறம்தான் அல்சூர் கடை. அந்தக் கடைக்காரர் கன்னடக்காரர், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. ஐந்து பிரதிகளை வாங்கிவைத்துக்கொண்டு, விற்றதும் பணம் தருகிறேன் என்றார். என்ன கதை என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, ஒரு துண்டுச் சீட்டில் கன்னடத்தில் இரண்டு வரி எழுதி, பில் போடும் மேஜையிலேயே புத்தகத்தோடு வைத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து போன். பேரனுக்கு நோட்டுப் புத்தகம் வாங்க வந்த பெரியவர் ஒருவர், சீட்டில் தங்கவயல் என்று பார்த்ததும் வாங்கிப் போயிருக்கிறார். மறுநாளே திரும்பி வந்து, இதை எழுதினவரைப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாராம். நான் ஓடினேன். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். “நல்லாத்தான் எழுதியிருக்கம்மா. ஆனா கீழே குளிராது. வெந்துபோயிடும்” என்றார்.

என் கதையில் ஒரு அப்பா சுரங்கத்தின் அடியில் குளிரில் நடுங்குவார். கிணற்றை நினைத்துக்கொண்டு எழுதியிருந்தேன். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சுரங்கம் அது. கீழே போகப் போகப் பாறையே கொதிக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அன்று அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்த பதிப்பில் அந்தக் கதையையே திருத்தி எழுதினேன்.

இப்போது சொல்லுங்கள், அந்தப் பெரியவர் போனில் என்ன பெயரைப் போட்டுத் தேடியிருப்பார்? என் பெயர் அவருக்குத் தெரியாது, அப்படி ஒரு புத்தகம் இருப்பதும் தெரியாது. நோட்டு வாங்க வந்த இடத்தில் அது அவர் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். பக்கத்துத் தெருவில் இருக்கிற எழுத்தாளரும் வாசகரும் இப்படித்தான் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கிறார்கள். நம் மொழி சிறுபான்மையாக இருக்கிற ஊரில் அதற்கு வேறு இடங்கள் குறைவு. 1950இலிருந்து அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 2022 டிசம்பரில் தமிழ்ப் புத்தகத் திருவிழாவும் நடந்தது. இரண்டும் பெரிய விஷயம். ஆனால் திருவிழா சில நாள்தான். கடை தினமும் திறந்திருக்கும்.

இந்த ஊருக்கு இப்படிப்பட்ட கடைகள் புதிதும் இல்லை. பிரீமியர் புத்தகக் கடை 1971 முதல் 2009 வரை இருந்தது. சின்ன இடம், தரையிலிருந்து கூரை வரை புத்தகக் குவியல். எது எங்கே இருக்கிறது என்று டி.எஸ். ஷான்பாக் ஒருவருக்குத்தான் தெரியும். கடை போய் இத்தனை வருடம் ஆகியும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். நடைபாதையில் பழைய புத்தகம் விற்ற பொறியியல் மாணவர் மாயி கௌடாதான் பிறகு சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாஸம் புத்தகக் கடையைத் தொடங்கினார்.

கழிவு பற்றிச் சொல்லியிருந்தீர்கள். பதிப்பகம் கடைக்குத் தருவது பொதுவாக 35, 40 சதவீதம். வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் அதற்குள்தான். உங்களுக்கு 20 கொடுத்தால் பாதி போய்விடும். பெரிய நிறுவனம் அதை மற்ற வியாபாரத்தில் ஈடுகட்டிக்கொள்ளும், சின்னக் கடைக்கு மற்ற வியாபாரம் ஏது? பிரான்சில் 1981இலேயே சட்டம் போட்டு, புதிய புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் கழிவு கூடாது என்றார்கள். நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லை. அல்சூர் கடை வாடகை ஏறியதும் நான்கே மாதத்தில் மூடிவிட்டது.

மாரத்தஹள்ளியிலிருந்து வாராவாரம் வாருங்கள் என்று சொல்ல மாட்டேன், அந்தச் சாலை எனக்கும் தெரியும். பல கடைகள் வாட்ஸ்அப்பில் கேட்டால் கூரியரில் அனுப்புகின்றன. வருடத்தில் நான்கு புத்தகம் அப்படி வாங்குங்கள், போதும். தமிழ் அடுக்கு விஷயத்தில் ஒன்று. ஏன் வைப்பதில்லை என்று அல்சூர் கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டேன். “கேட்டு யாரும் வரலையே” என்றார். ஆறு வருடத்தில் ஐந்தாறு பேர்தான் கேட்டிருக்கிறார்களாம். தமிழர்கள் நிறைந்த அல்சூரிலேயே இப்படி.

அதனால் அடுத்த முறை சர்ச் ஸ்ட்ரீட் வந்தால், ஒன்றும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. ஏதாவது ஒரு கடையில் நுழைந்து, “தமிளு புஸ்தக இதெயா?” என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். நானும் இந்த மாதம் ஐந்து கடைகளில் கேட்கப்போகிறேன்.

அன்புடன்,
அக்கா