ஐவிஎஃப் முறையில் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) பிறக்கும் குழந்தை எடை குறைவாகத்தான் இருக்குமா?

அப்படிக் கட்டாயமில்லை. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாமில் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனின் எடை சுமார் 2.6 கிலோ. பின்னாளில் அவரே இயற்கையாகக் கருத்தரித்துத் தாயானார்.

பயம் எங்கிருந்து வந்தது என்றால், இரட்டைக் குழந்தைகளிடமிருந்து. ஒன்றாவது தங்கட்டும் என்று இரண்டு மூன்று கருக்களை வைப்பார்கள். சில சமயம் எல்லாமே தங்கிவிடும். இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரம் முடியும் முன்பே பிறந்துவிடுவார்கள். எடைக் குறைவு, மூச்சுத் திணறல், இன்குபேட்டர் எல்லாம் பெரும்பாலும் அதன் தொடர்ச்சிதான். 2003-இல் ஸ்வீடன் பொதுவாக ஒரு கருவையே வைக்க வேண்டும் என்று விதித்தது. இரட்டைப் பிரசவங்கள் வெகுவாகக் குறைந்தன.

சரி, ஒற்றைக் குழந்தை என்றால்? அப்போதும் குறைப்பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான். ஆனால் தாயின் வயதும், கருத்தரிக்காமல் போன காரணமும் அதில் கலந்திருக்கின்றன. சிகிச்சையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

உறையவைத்து, பிறகு எடுத்துக் கருப்பையில் வைக்கும் கருவில் கதை வேறு: குழந்தை சற்றுப் பெரிதாகவே பிறக்கலாம், ஆனால் தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறும் அபாயம் கொஞ்சம் அதிகம். எத்தனை கரு வைக்கப்போகிறார்கள் என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.