டாக்டர் அல்லாத ராணுவ மருத்துவ அதிகாரி

கேள்வி: அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கும் என் மகள், அங்கே ராணுவ மருத்துவ நிர்வாக அதிகாரியாகப் போகிறேன் என்கிறாள். டாக்டருக்குப் படிக்காமல் அங்கே என்னம்மா வேலை?

பதில்: நான் பார்த்த வேலைதான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். மருத்துவமனை பட்ஜெட், ஆள் நியமனம், மருந்துக் கொள்முதல் எல்லாம் பின்னால் வரும். முதலில் லெப்டினென்டாக ஒரு மருத்துவப் பிளட்டூன், அதாவது சிறு படைக்குழு, கையில் வரும். காயம்பட்டவரைத் தூக்கிவர ஹெலிகாப்டர் கேட்பதற்கு ஒன்பது வரிச் செய்தி உண்டு. முதல் வரி இடம், இரண்டாவது ரேடியோ அலைவரிசை, மூன்றாவது யாருக்கு எவ்வளவு அவசரம். இருட்டில், இரைச்சலில், அதை வரிசை பிசகாமல் அனுப்பத் தெரிய வேண்டும். ரத்தப் பெட்டி 1 முதல் 6 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆம்புலன்ஸில் டீசல் இல்லையென்றால் எத்தனை பெரிய சர்ஜன் இருந்தும் பயனில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862-இல், ராணுவ மருத்துவர் ஜோனதன் லெட்டர்மேன் ஆம்புலன்ஸ்களை மருத்துவத் துறையின் கீழ் கொண்டுவந்ததும் இதற்காகத்தான்.

இந்த நிர்வாக அதிகாரிகளுக்கான மெடிக்கல் சர்வீஸ் கோர் என்ற ராணுவப் பிரிவு 1947-இல் உருவானது. பட்டப்படிப்பும் அமெரிக்கக் குடியுரிமையும் அவசியம், கல்லூரியிலேயே ஆர்.ஓ.டி.சி. என்ற மாணவர் அதிகாரிப் பயிற்சித் திட்டம் வழியாகச் சேரலாம். பயிற்சி டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில். அப்புறம் சம்பளத்தோடு ராணுவமும் பெய்லர் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் ஆர்மி-பெய்லர் மருத்துவ நிர்வாக முதுகலைப் படிப்புக்கும் போட்டியிடலாம்.

அடிக்கடி ஊர் மாற்றம் இருக்கும், போர்முனைக்கும் அனுப்புவார்கள். அதை மட்டும் மகளிடம் மனம்விட்டுப் பேசுங்கள். விருப்பம் உறுதியாக இருந்தால் தடுக்காதீர்கள்.