பனிக்கும் ஒழியாத ராஸ்பெரி இலையான்

கேள்வி: தம்பி, ஒன்ராறியோவில் வீட்டுக்குப் பின்னால் 2 வரிசை ராஸ்பெரி வைத்திருக்கிறேன். போன ஆவணியில் பழத்தைப் பிட்டால் உள்ளே வெள்ளைப் புழு. விழுந்த பனிக்கு எல்லாம் செத்திருக்கும் என்று நினைத்தேன், இந்த வருசமும் வந்துவிட்டது. அந்தப் புழுவுக்குக் காரணமான இலையானின் மரபணு முழுவதையும் வாசித்துவிட்டார்களாமே, அதில் எங்களுக்கு ஏதும் வழி இருக்கிறதா?

பதில்: அக்கா, குசினியில் அழுகின வாழைப்பழத்தைச் சுற்றுகிற பழ இலையானுக்கு இது சொந்தம்தான், ஆனால் குணம் வேறு. பெயர் டிரொசோஃபிலா சுசுக்கி, சொந்த இடம் கிழக்காசியா. 2008இல் கலிபோர்னியாவில் பிடிபட்டது, 2010இல் ஒன்ராறியோவிலும் கண்டார்கள். ஆணின் சிறகு நுனியில் கறுப்புப் பொட்டு இருக்கும். பெண்ணின் முட்டையிடும் குழாயோ மரம் அரிகிற வாள் மாதிரிப் பல்லு வைத்தது. பழம் அழுகும்வரை காத்திராது. பழுக்கத் தொடங்கினதுமே தோலை அரிந்து முட்டை வைத்துவிடும்.

இதன் மரபணுத் தொகுதி 2013இல் வெளியானது. நெருங்கிய இனத்தோடு ஒப்பிட்டபோது, இதில் மாற்றங்கள் மெதுவாகவே சேர்ந்திருந்தன. குளிர்காலத்தில் இனப்பெருக்கம் நின்று, வருசத்துக்குத் தலைமுறைகள் குறைவதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். உங்கள் வளவில் நடப்பதும் அதுதான். பகல் குறுகிக் குளிரேறும்போது வளர்கிற புழுக்கள் கறுத்த, பெரிய இலையான்களாக வரும். அந்தப் பெண்களின் வயிற்றில் முட்டை முதிராது. உறைபனியைத் தாங்குகிற உடம்பு என்று மட்டும் நினைக்க வேண்டாம். திறந்த வெளியில் -20 பாகைக் குளிர் பட்டால் இதுவும் சாகும். சருகுக்கு அடியில் ஒளித்துக் கிடப்பதால்தான் தப்புகிறது, மேலே விழுகிற பனி அதற்குப் போர்வை.

மரபணுவை வாசித்ததால் உங்கள் வளவுக்கு இப்போதைக்கு மருந்து ஒன்றும் வரவில்லை. வேலை உங்கள் கையில்தான், அதிலும் பறிப்பில்தான். ஒன்றுவிட்ட ஒருநாள் தவறாமல் பழுத்த எல்லாவற்றையும் பறியுங்கள். வெயில் காலத்தில் முட்டை இலையானாக 10 நாள் அளவே போதும், ஒரு கிழமை விட்டால் பிறகு பிடிக்க முடியாது. விழுந்த பழத்தைப் பசளைக் குவியலில் போடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிச் சில நாள் வெயிலில் வையுங்கள். கொடியை ஐதாக வெட்டிக் காற்றோட்டம் விடுங்கள். பூ காய்த்த பிறகு 1 மி.மீ.க்கு மேற்படாத கண் உள்ள வலை போடலாம். அப்பிள் வினாகிரிப் போத்தல் இலையான் வந்துவிட்டதா என்று பார்க்க உதவும், ஒழிக்க உதவாது. பக்கத்தில் பழம் இருந்தால் அது பழத்துக்குத்தான் போகும்.

சந்தேகம் என்றால் ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்புக் கரைத்து, நாலைந்து பழத்தை லேசாக நசுக்கிப் போடுங்கள். கால் மணித்தியாலத்தில் புழு நெளிந்து மேலே வரும். நல்ல பழத்தைப் பறித்த கையோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். 1 பாகையில் 3 நாள் இருந்தால் பழத்துக்குள் இருக்கிற முட்டையும் புழுவும் பெரும்பாலும் செத்துவிடும். வீட்டு ஃபிரிட்ஜ் 4 பாகை என்றாலும் வளர்ச்சி நிற்கும். தெரியாமல் ஒன்றிரண்டு வயிற்றுக்குள் போயிருந்தாலும் பயப்பட வேண்டாம், கெடுதல் இல்லை.