டிப்ஸ் ஷன்ட்: முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: என் கணவருக்கு வயது 49. குடியால் வந்த கல்லீரல் சுருக்கம். இப்போது குடிப்பதில்லை. ஒரே வருடத்தில் இரண்டு முறை ரத்த வாந்தி எடுத்தார். எண்டோஸ்கோப்பியில் வளையம் போட்டார்கள். வயிற்று நீரைப் பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கிறோம். 'டிப்ஸ்' என்ற ஷன்ட் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறார். பேக்கேஜ் பேசி முன்பணமும் கேட்கிறார். போகலாமா?

பதில்: முதலில் முன்பணத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. டிப்ஸ் உங்கள் கணவருக்குப் பொருந்தக்கூடிய சிகிச்சைதான். ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பொய்.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போக வேண்டும். கல்லீரல் தழும்பேறி இறுகிப்போனதால் உள்ளே வழியில்லை. மடையை அடைத்தால் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு போகுமே, அப்படி ரத்தம் உணவுக்குழாயின் மெல்லிய சிரைகளில் புகுந்து அவற்றை வீங்கவைக்கிறது. அவை வெடித்தால் ரத்த வாந்தி. வயிற்றில் நீர் கோப்பதற்கும் இந்த அழுத்தம்தான் முக்கியக் காரணம். டிப்ஸில் கழுத்துச் சிரை வழியாக உள்ளே போய், கல்லீரலைத் துளைத்து, போர்ட்டல் சிரையையும் கல்லீரலைவிட்டு வெளியேறும் சிரையையும் ஒரு ஸ்டென்ட் (வலைக்குழாய்) வைத்து இணைக்கிறோம். ரத்தத்துக்கான இந்த மாற்று வழிதான் ஷன்ட். வயிற்றைக் கிழிப்பதில்லை. அழுத்தம் இறங்கிவிடும். கெட்டுப்போன கல்லீரல் கெட்டபடியேதான் இருக்கும். சிலருக்கு, கிடைத்துவந்த ரத்தமும் குறைந்து இன்னும் மோசமாகும்.

அந்தத் தெரிந்தவர் சொல்லாமல் விட்டது இன்னொன்று. குடலில் உண்டாகும் அமோனியா போன்ற கழிவுகளைக் கல்லீரல்தான் வடிகட்டும். ஷன்ட் வைத்தபின் அவை வடிகட்டப்படாமல் நேராக மூளைக்குப் போகும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதனால் மனக் குழப்பம் வருகிறது. பகலில் தூங்குவார், ராத்திரி முழுக்க விழித்திருப்பார். கையெழுத்து கோணலாகும். இரண்டு கைகளையும் நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பறவை சிறகடிப்பதுபோல் கை ஆடினால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் லாக்டுலோஸ் மருந்திலேயே சரிசெய்துவிடலாம். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை மலம் போகும் அளவுக்குக் கொடுக்க வேண்டும். பேதியாகிறது என்று பயந்து வீட்டில் அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். தூக்கம் வரவில்லையே என்று மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது அதைவிட மோசம்.

சரி, உங்கள் கணவருக்கு டிப்ஸ் தேவையா? வீங்கிய சிரைகளை இறுக்கிக் கட்ட வளையம் போடுவது ஒரு தடவையில் முடிகிற வேலை இல்லை. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்து, வீங்கிய சிரைகள் மறையும்வரை போட வேண்டும். கூடவே அந்த அழுத்தத்தைக் குறைக்கும் புரோப்ரனலால் அல்லது கார்வெடிலால் மாத்திரை கொடுக்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும். இவை ஒழுங்காக நடந்தும் ரத்தம் கசிந்திருந்தால் டிப்ஸுக்கு நியாயம் இருக்கிறது. என்னிடம் வரும் டிஸ்சார்ஜ் சம்மரிகளில் பாதியில் அடுத்த எண்டோஸ்கோப்பி எப்போது என்ற தேதியே இருப்பதில்லை. நோயாளிக்கு யாரும் சொல்வதில்லை, அவர் போவதில்லை. அப்புறம் 'வளையம் பலனளிக்கவில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். யாருக்குப் பலனளிக்கவில்லை?

வயிற்று நீர் விஷயத்தில் உங்கள் கணவருக்குக் காரணம் இன்னும் வலுவாகவே இருக்கிறது. உப்பைக் குறைத்து, மாத்திரை கொடுத்தும் அடிக்கடி நீர் சேர்ந்தால் டிப்ஸ் உதவும். ஆனால் அதற்கு முன் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஷன்ட் வழியாக ரத்தம் திடீரென இதயத்துக்குப் பாயும். இதயம் பலவீனமாக இருந்தாலும், நுரையீரல் ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தாலும் வைக்கக் கூடாது. பிலிரூபின் (மஞ்சள் காமாலை அளவு) மிக அதிகம், ஏற்கெனவே அடிக்கடி குழப்பம் என்றால் கல்லீரல் மாற்று சிகிச்சையைப் பற்றித்தான் பேச வேண்டும். எக்கோ பார்க்காமலே பேக்கேஜ் பேசுகிறவர் எதைப் பார்த்துத் தேதி குறிக்கிறார்?

'எங்கள் பையனுக்கு ஷன்ட் ஆபரேஷன் செய்தோம், கல்யாணமாகிக் குழந்தையோடு இருக்கிறான்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது உண்மையாகவே இருக்கும், ஆனால் அது வேறு நோய். சில குழந்தைகளுக்குப் போர்ட்டல் சிரை கல்லீரலுக்கு வெளியே, நுழைவதற்கு முன்பே அடைபட்டுப்போகும். நம் நாட்டில் குழந்தைகளின் ரத்த வாந்திக்கு அது ஒரு முக்கியக் காரணம். கல்லீரல் நன்றாகவே வேலை செய்யும். மண்ணீரல் சிரையை இடது சிறுநீரகச் சிரையோடு இணைக்கும் அறுவை சிகிச்சையை அவர்களில் பலர் நன்றாகத் தாங்குவார்கள். சுருக்கம் விழுந்த கல்லீரலோடு இருப்பவர் அவ்வளவு எளிதாகத் தாங்கமாட்டார். அந்தப் பையனையும் உங்கள் கணவரையும் ஒப்பிடவே முடியாது.

பேக்கேஜ் பேசி முன்பணம் கேட்கும் அந்தத் தெரிந்தவர் தரகராக இருந்தால், அவருக்குப் போகும் கமிஷன் கடைசியில் உங்கள் பில்லில்தான் ஏறும். ஆஸ்பத்திரியிடம் நேரடியாக, அவர்கள் லெட்டர்ஹெட்டில், ஸ்டென்ட் விலை தனியாகக் காட்டிய மதிப்பீடு கேளுங்கள். நாளைக்கு அதே ஆள் 'லிவர் டோனர் ரெடி' என்றும் வருவார். உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனை உண்டு. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் கல்லீரல், டிரான்ஸ்டான் என்ற மாநில அரசின் உறுப்பு மாற்று அமைப்பின் காத்திருப்போர் பட்டியல்படிதான் ஒதுக்கப்படுகிறது. மாற்று சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரி மூலமாகப் பதிய வேண்டும். தரகருக்கு அங்கே வேலையே இல்லை. டிப்ஸ் வைப்பதற்கு முன்பே மாற்று சிகிச்சைக் குழுவிடம் ஒருமுறை கருத்துக் கேட்டுவிடுங்கள்.

இதற்கிடையில் மறுபடி ரத்த வாந்தி வந்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, 108-ஐ அழைத்து எண்டோஸ்கோப்பி வசதியுள்ள அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த நிலையில் சிலருக்கு 72 மணி நேரத்துக்குள் டிப்ஸ் வைப்பது உயிரைக் காப்பாற்றும். பேக்கேஜ் பேசிய ஊருக்கு அவரை வேனில் ஏற்றிக்கொண்டு ஓடாதீர்கள்.