ஜூலையில் மிரிஸ்ஸ திமிங்கிலம்: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: ஜூலை இரண்டாவது வாரம் திருச்சியிலிருந்து கொழும்பு போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகன், முழங்கால் வலியுள்ள அம்மா. இலங்கையின் தென்கரைக்கு ஒருநாள் சுற்றுலா விளம்பரம் ஒன்று பார்த்தேன். எட்டுப் பேர் மட்டும், ஏசி வேன், தமிழ் பேசும் கைடு, காலை 7 மணிக்கு ஹோட்டலுக்கே வந்து ஏற்றிக்கொள்வார்களாம். தென்கரை ஊரான மிரிஸ்ஸவில் திமிங்கிலம், ஆமைக் குஞ்சு, மாது கங்கைப் படகு, காலி (Galle) கோட்டை எல்லாம் உண்டு. விலையும் குறைவு. வாட்ஸ்அப்பில் பாதித் தொகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காரணம் அந்த விளம்பரத்திலேயே இருக்கிறது. மிரிஸ்ஸவில் திமிங்கிலப் படகுகள் காலை ஆறரை, ஏழு மணிவாக்கிலேயே கிளம்பிவிடும். கொழும்பிலிருந்து மிரிஸ்ஸ சுமார் 150 கிலோமீட்டர், அதிவேகப் பாதையில் போனாலும் இரண்டரை மணி நேரம் வரும். ஏழு மணிக்கு உங்களைக் கொழும்பில் வேனில் ஏற்றுகிறவர் எந்தப் படகில் ஏற்றப் போகிறார்? அது போக, மிரிஸ்ஸ சீசனே நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தப் பக்கக் கடல் புரட்டி எடுக்கும். அந்த மாதங்களில் திமிங்கிலம் பார்க்கிறவர்கள் கிழக்கே திருகோணமலைக்குப் போவார்கள், அது கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரமில்லை. விளம்பரம் எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்காது. அன்றைக்குக் காலையில் "கடல் சரியில்லை சார்" என்று சொல்லிவிட்டால் அவர் வேலை முடிந்தது, பணம் ஏற்கெனவே அவர் கையில்.

விலை எப்படிக் குறைகிறது என்பதைத்தான் நம்மவர்கள் கேட்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் பேசுகிறவரிடம் பெரும்பாலும் வேன் கிடையாது. அவர் உங்களை இன்னொருவருக்குக் கொடுப்பார், அவர் ஒரு டிரைவருக்குக் கொடுப்பார், ஆளுக்கு ஒரு பங்கு எடுத்த பிறகு டிரைவர் கைக்கு வருவது டீசலுக்கும் சாப்பாட்டுக்கும்தான் காணும். அவர் வீட்டுக்கு என்ன கொண்டுபோவார்? கடைக் கமிஷன். அதனால்தான் வழியில் ஒரு மூலிகைத் தோட்டம், ஒரு ரத்தினக் கடை, மீட்டியாகொடவில் சந்திரகாந்தக் கல் சுரங்கம். சுரங்கம் பார்ப்பது இலவசம், வெளியே வரும் வழி மட்டும் நகைக் கடைக்குள்ளேயே போகும். மூலிகைத் தோட்டத்தில் அம்மாவின் முழங்காலைப் பார்த்ததும் இலவசமாகத் தைலம் தேய்த்துவிடுவார்கள், பிறகு அதே தைலம் பாட்டிலில் வரும், விலையைக் கேட்டால் உங்களுக்கும் வலி வரும். இந்தக் கடைகளில் போகும் இரண்டு மூன்று மணி நேரம் எங்கிருந்து வருகிறது? காலிக் கோட்டையிலிருந்துதான். போர்ச்சுகீசியர் தொடங்கி, 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் பெரிதாகக் கட்டிய கோட்டை, 1988இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, உள்ளே இன்னும் மக்கள் குடியிருக்கும் முழு ஊர். அதை நாற்பது நிமிடத்தில் முடித்துக் கலங்கரை விளக்கத்தோடு ஒரு போட்டோ எடுத்துத் திருப்பி ஏற்றிவிடுவார்கள். கொக்கலயில் கடலில் நட்ட கம்பில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர்களும் இப்போது பெரும்பாலும் கேமராவுக்காக உட்காருகிறவர்கள்தான், படம் எடுத்தால் காசு கேட்பார்கள், முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஆமை விஷயம். பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் மகன் கையில் குஞ்சைக் கொடுத்துக் கடலில் விடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பொரித்த கையோடு, இருட்டில் கடலுக்குப் போக வேண்டிய குஞ்சு அது. தொட்டியில் நாள்கணக்கில் வைத்தால் முதல் நீச்சலுக்கான தெம்பு அங்கேயே தீர்ந்துவிடும், பகலில் விட்டால் பறவைக்கும் மீனுக்கும் இரை. இலங்கைச் சட்டத்தில் ஆமை முட்டையை எடுப்பதே குற்றம், ஆனால் நெடுஞ்சாலை ஓரமாக வரிசையாகப் பொரிப்பகங்கள் டிக்கெட் போட்டு நடக்கின்றன. யாரிடம் போய்ச் சொல்ல?

கைடு விஷயமும் அப்படித்தான். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை கைடுகளுக்கு உரிமமும் அடையாள அட்டையும் கொடுக்கிறது, வேன் ஓட்டிக்கொண்டே வழிகாட்டுகிறவருக்குத் தனி வகைகூட உண்டு. விதி நன்றாகத்தான் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. நீங்கள் கேளுங்கள். அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் உண்மையான கைடு ஐந்து நிமிடத்தில் அனுப்புவார்.

அட்வான்ஸே கூடாதா என்றால், ஒரே ஒரு இடத்தில் கொடுக்கலாம். தனித்தனி சீட்டாக இல்லாமல் வேன் முழுவதையும் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் எடுக்கிறீர்கள் என்றால், அந்த நாளுக்கு வந்த வேறு சவாரியை அவர் விட்டுவிடுகிறார், முன்பணம் கேட்பது நியாயம். அப்போதும் கால் பங்குக்கு மேல் வேண்டாம். அதையும் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டும், யாரோ தனிநபர் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். ரசீதில் தேதி, வேன் எண், எங்கெங்கே நிற்கும், மழையால் ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். "வாய்ஸ் மெசேஜில் சொன்னேனே சார்" என்பது ரசீது இல்லை. கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருந்து ரசீதில் வேன் எண் இல்லாவிட்டாலும் வேண்டாம், வேன் எண் இருந்து ரத்து விவரம் இல்லாவிட்டாலும் வேண்டாம்.

உங்கள் நால்வருக்கு நான் சொல்வது இப்படி வேன் எடுப்பதைத்தான். திமிங்கிலத்தை மறந்துவிடுங்கள். காலையில் பலப்பிட்டிய போய் மாது கங்கைப் படகு. அது கடலில்லை, கண்டல் (அலையாத்தி) காடு சூழ்ந்த காயல், ஜூலையிலும் தண்ணீர் அமைதியாக இருக்கும். அம்மா படகில் ஏறி இறங்க ஒரு கை பிடித்தால் போதும், லைஃப் ஜாக்கெட் மட்டும் கேட்டு வாங்குங்கள். நடுவில் யாராவது படகை ஒட்டி வந்து குட்டி முதலையை மகன் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கச் சொல்வார்கள், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காலிக் கோட்டையில் குறைந்தது மூன்று மணி நேரம். மதில்மேல் ஏற முடியாவிட்டால் அம்மா உள்ளே தெருக்களில் மெதுவாக நடக்கலாம், அங்கே தரை சமம். பிறகு காலிக்குப் பக்கத்துக் கடற்கரையான உனவட்டுனவில் இறங்கிக் கடலைப் பாருங்கள், மகனைக் குளிக்க விடாதீர்கள்.

அந்த விளம்பரக்காரருக்கு இப்போதே ஒரு செய்தி அனுப்புங்கள்: "கடை எதிலும் நிறுத்தாமல் எவ்வளவு? கைடு அட்டை, வேன் எண் அனுப்புங்கள்." விலை ஏறி, கேட்டதும் வந்தால் மேலே பேசலாம். பழைய விலையிலேயே "எல்லாம் சரி சார்" என்று மட்டும் பதில் வந்தால் அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.