பொருளாதாரம் படித்தவருக்கு அலையாத்திக் காட்டில் என்ன வேலை?

கேள்வி: பி.ஏ. பொருளாதாரம் முடித்திருக்கிறேன். சுற்றுச்சூழல் துறையில் வேலை பார்க்க ஆசை. ஆனால் அறிவியலைப் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டேன். இங்கிலாந்தில் சர்வதேச வளர்ச்சி முதுகலை படித்தால் இந்தத் துறைக்குள் நுழைய முடியுமா? கல்விக் கடன் வாங்கித்தான் போக வேண்டும்.
- வாசகி, கடலூர்

பதில்: முடியும். எப்படி என்பதற்கு உங்கள் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது: பிச்சாவரம்.

அங்கே அலையாத்திக் காடு சிதைந்ததற்கு, ஒரு காலத்தில் காட்டைக் கூப்புகளாக, அதாவது வெட்டுவதற்கான பகுதிகளாகப் பிரித்து, மரங்களை மொத்தமாக வெட்டியது முக்கியக் காரணம். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. உள்ளே வந்த ஓதநீர் (கடல் ஏற்றத்தில் வரும் நீர்) திரும்ப வழியின்றித் தேங்கி, மண்ணில் உப்பு ஏறியது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, ஓதம் வந்து போக வழிசெய்து, கன்றுகளை நட்டன. இதுவரை அறிவியல். கன்று நட்ட இடத்தில் மாடு மேய்க்காதீர்கள் என்று ஊராரிடம் யார் சொல்வது? தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு ஊர்க்குழுவில் இடம் உண்டா? இவற்றுக்கு விடை காணத்தான் வளர்ச்சிப் படிப்பு.

பணம் வரும் வழியும் இதைத்தான் கேட்கிறது. வளரும் நாடுகளின் காலநிலைத் திட்டங்களுக்குப் பணம் தரும், தென்கொரியாவின் இஞ்சியோனில் இயங்கும் பசுமைக் காலநிலை நிதியத்துக்கு ஒரு திட்டத்தை அனுப்பினால், அதோடு பாலின மதிப்பீடும் சமூகப் பாதிப்பு ஆய்வும் போக வேண்டும். இந்தியாவிலிருந்து அந்த நிதியை நேரடியாக அணுக அங்கீகாரம் பெற்ற அமைப்புகளில் வேளாண், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டும் ஒன்று. இத்தகைய ஆவணங்களை எழுதுவோரில் உங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர். அதனால் வேலை தேடும்போது ‘சுற்றுச்சூழல்’ என்ற சொல்லை மட்டும் தேடாதீர்கள்; ‘கண்காணிப்பு, மதிப்பீடு’, ‘சமூகப் பாதுகாப்பு நெறிகள்’, ‘வாழ்வாதாரம்’ என்ற தலைப்புகளிலும் பாருங்கள்.

ஆய்வகத்தில் நீர் மாதிரியைச் சோதிப்பதுதான் உங்கள் கனவென்றால் இந்தப் படிப்பு வேண்டாம். களமும் கணக்கும் பிடிக்குமென்றால் சேருங்கள். ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட விருப்பப் பாடங்களின் பட்டியலைக் கவனியுங்கள். காலநிலை நிதி, நீர் நிர்வாகம், நில உரிமை ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பாடங்கள் இருக்க வேண்டும். கூடவே வரைபட மென்பொருள் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள்; க்யூஜிஐஎஸ் இலவசம்தான்.

கடன் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். இப்போதே கடன் வாங்கிப் போகாதீர்கள். இங்கிலாந்தில் முதுகலை பெரும்பாலும் ஓராண்டுதான். பெட்டியைப் பிரித்து வைப்பதற்குள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்பார்கள். களமே பார்க்காதவர் என்ன தலைப்பைச் சொல்வார்? முதலில் இங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை பாருங்கள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணிநேரப் பணி அனுபவம் கேட்கிறார்கள். அதுவும் அதில் கூடிவிடும். கிடைத்தால் கல்விக் கட்டணமும் அங்கே தங்கும் செலவும் அவர்களுடையது. படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி, குறைந்தது இரண்டு ஆண்டுகள் இங்கே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வெளிநாடு அவசியமில்லை என்றால் சென்னை ஐஐடியிலேயே வளர்ச்சி ஆய்வுகள் முதுகலை இருக்கிறது.

அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். மீனவப் பெண்ணிடம் தமிழில் பேட்டி எடுத்து, அன்றிரவே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது சான்றிதழோடு அந்தப் பக்கங்களில் நான்கைந்தையும், பெயர்களை நீக்கிவிட்டு, எடுத்துச் செல்லுங்கள்.